ஆண்டு பொறித்த புட்டி

இக்கட்டுரையை எழுதுவதா வேண்டாமா என்று எங்களுக்குள் மூன்று வாரம் விவாதம் நடந்தது. வில்லியனூரில் மாதம் ஒருமுறை கூடிப் புத்தகங்களைப் பற்றிப் பேசும் சிறு வாசகர் குழு நாங்கள். எட்டுப் பேரில் மூவர் மதுவைத் தொடாதவர்கள். விலையுயர்ந்த பிரெஞ்சுத் திராட்சை மதுவைச் சுவைத்த அனுபவத்தை, சாராயக்கடை வாசலில் பெண்கள் நின்று கண்ணீர் விடும் ஒரு மண்ணிலிருந்துகொண்டு எழுதுவது படாடோபமாகும் என்று அம்மூவரும் கருதினர். அக்கருத்தில் நியாயம் உண்டு. ஆயினும் அன்று மாலை பேசப்பட்டவை மதுவைத் தாண்டி வேறொன்றைத் தொட்டுவிட்டன என்பதில் எட்டுப் பேரும் உடன்பட்டோம். அதனாலேயே எழுதுகிறோம்.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பாகூர் சென்றோம். சாலையின் இருபுறமும் அறுவடை முடிந்த வயல்கள். ஊர் எல்லையில் ஒரு சாராயக்கடை, சற்றுத் தள்ளி ஒரு கள்ளுக்கடை. இரண்டுமே இங்கே சட்டத்துக்கு உட்பட்டவை, அரசு ஏலம் விட்டு உரிமம் தருபவை. சில கல் தொலைவில் தொடங்கும் தமிழ்நாட்டு எல்லைக்குள் 1987 முதல் கள் இறக்கத் தடை நீடிக்கிறது. பனைமரத்துக்கு எல்லை தெரியாது. மரம் ஏறுபவனுக்குத் தெரிந்தாக வேண்டும்.

எங்களை அழைத்த நண்பர் ஒரு 'சொல்தா' குடும்பத்தைச் சேர்ந்தவர். பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களை இப்பகுதி மக்கள் இன்றும் அப்படித்தான் அழைக்கிறார்கள். 1962 ஆகஸ்ட் 16 அன்று ஒப்படைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது எந்தக் குடியுரிமை என்று தெரிவு செய்ய ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவு செய்த ஒருவரின் மகன் இவர். மகனின் குடும்பம் பிரான்சில் இருக்கிறது. ஆண்டுதோறும் அங்கே சென்று திரும்பும்போது கணவனும் மனைவியுமாக, சுங்கம் அனுமதிக்கும் தலைக்கு இரண்டு லிட்டர் அளவுக்குள், நான்கு புட்டிகள் கொண்டுவந்திருந்தார். நான்கும் ஒரே தோட்டத்தில் விளைந்தவை. ஆண்டுகள் மட்டும் வேறு: 2003, 2011, 2013, 2016.

தோட்டத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. விளம்பரம் எங்கள் நோக்கமன்று. அது இருக்கும் ஊர் சேந்த்-எஸ்தேஃப் என்று மட்டும் சொல்லலாம். போர்தோ நகருக்கு வடக்கே, ஜிரோந்து முகத்துவாரத்தின் இடது கரையிலுள்ள மெதோக் பகுதியில் இருக்கிறது அவ்வூர். புட்டியின் ஒட்டுத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்த நண்பர் ஒரு தகவலைச் சொன்னார்: "சேந்த்-எஸ்தேஃப் என்பது ஒரு கொம்யூனின் பெயர். பாகூரும் ஒரு கொம்யூன்தான்." இரண்டு ஊர்களையும் ஒரே நிர்வாகச் சொல்லால் அழைக்க வைத்தது வரலாறு. ஒன்றின் பெயர் உலகெங்கும் புட்டிகளின் மேல் செல்கிறது. மற்றொன்றின் பெயர் அதில் விளையும் நெல்லின் மூட்டையில்கூட இல்லை.

போர்தோ பாணிச் செம்மது என்பதை வாசகர்களுக்குச் சுருக்கமாக விளக்கிவிடுகிறோம். அது ஒரே வகைத் திராட்சையால் ஆனதன்று. கபர்னே சோவிஞோன், மெர்லோ இரண்டும் முதன்மையானவை. கபர்னே ஃப்ரான், பெத்தி வெர்தோ முதலியன சிறு பங்கு. மெர்லோ முன்பே பழுக்கும், மென்மை தரும். கபர்னே சோவிஞோன் தாமதமாகப் பழுக்கும், தோல் தடித்தது, துவர்ப்பு மிகுந்தது. ஒன்று தவறினால் மற்றொன்று கைகொடுக்கும் என்பது கலப்பின் அடிப்படை. மானாவாரி நிலத்தில் கம்போடு துவரையும் கலந்து விதைக்கும் நம் உழவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நொதித்த மது பெரும்பாலும் 225 லிட்டர் கொள்ளும் ஓக் மரப் பீப்பாய்களில் ஓராண்டுக்கு மேல் கிடந்து, பிறகு புட்டியில் அடைக்கப்படுகிறது. ஒட்டுத்தாளில் உள்ள ஆண்டு அடைத்த ஆண்டன்று. திராட்சை பறித்த ஆண்டு. எனவே அந்த எண் உண்மையில் ஒரு வானிலைக் குறிப்பு.

இந்த மதுவை 16 முதல் 18 பாகை வெப்பத்தில் பருக வேண்டும் என்பது வழக்கம். பாகூரில் அன்று மாலை முப்பது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சுவை மூடிக்கொள்ளும் என்றார் நண்பர். அவருடைய மனைவி, எங்களுக்கு அக்கா, சிரித்துக்கொண்டே பெரிய மண்பானை ஒன்றில் நீர் நிரப்பி, ஈரச் சாக்கைச் சுற்றி, புட்டிகளை அதில் இறக்கினார். இரண்டு மணி நேரத்தில் ஓரளவு குளிர்ச்சி வந்தது. பழைய புட்டியின் அடியில் வண்டல் தங்கியிருந்தது. அதைக் கலக்காமல் மேலிருக்கும் தெளிவை மட்டும் வேறு கண்ணாடிக் குடுவைக்கு மெல்ல இறுத்தார் நண்பர். குழுவில் தமிழாசிரியராக இருப்பவர் அப்போது சொன்னார்: "தேறல் என்று பழந்தமிழில் சொன்னது இதைத்தான். தேறுதல் என்றால் தெளிதல்." கள், நறவு, பிழி, மட்டு, தோப்பி, தேறல் என்று தனித்தனிப் பெயர் வைத்திருந்த மொழியில், இன்று எல்லாவற்றுக்கும் 'சரக்கு' என்ற ஒரே சொல் போதுமானதாகிவிட்டது.

முதலில் 2016. அங்கே வசந்தத்தில் பெருமழை, பிறகு நீண்ட வறண்ட கோடை, குளிர்ந்த இரவுகள். போர்தோக்காரர்கள் மிகச் சிறந்த ஆண்டுகளுள் ஒன்றாக அதைக் கொள்கிறார்கள். கறுப்புக்கு அருகிலான நிறம். முகர்ந்தபோது நாவற்பழம். பருகியபோது ஈறுகளைப் பற்றி இழுக்கும் துவர்ப்பு, கொட்டைப் பாக்கை மென்ற பின் வாயில் நிற்பதைப் போன்றது. இன்னும் பல ஆண்டுகள் உறங்க வேண்டிய மதுவை நாங்கள் எழுப்பிவிட்டோம் என்பது புரிந்தது. இங்கே 2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டு. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. ஓர் ஊரின் பேறு மற்றோர் ஊரின் கேடாக இருந்திருக்கிறது.

அடுத்து 2013. இவ்விடத்தில் அண்டை வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபதைக் கடந்த உழவர். வாழ்நாளில் திராட்சை மதுவைத் தொட்டதில்லை. இளமையில் கள் குடித்ததுண்டு என்றார். என்ன நடக்கிறது என்று பார்க்க வந்து திண்ணையில் அமர்ந்திருந்தார். 2013ஆம் ஆண்டுக் கோப்பையை அவரிடம் நீட்டினோம். மூக்கின் அருகே கொண்டுபோய், சற்று நேரம் வைத்திருந்து, "முத்தாத காயை அறுத்துட்டாங்க தம்பி. பச்சைத் தண்டு வாசனை வருது" என்றார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். 2013இல் போர்தோவில் வசந்தம் குளிர்ந்து ஈரமாக இருந்தது. பூக்கும் பருவத்தில் மழை பெய்து, குறிப்பாக மெர்லோவில் பூக்கள் உதிர்ந்தன. அறுவடை நேரத்திலும் ஈரம்; அழுகல் அஞ்சி, முழுதும் பழுக்கக் காத்திராமல் பறித்தவர்கள் பலர். கபர்னே சோவிஞோன் போதிய அளவு பழுக்காவிடில் பச்சை மிளகாயையும் குடமிளகாயையும் நினைவூட்டும் ஒரு மணம் தங்கிவிடும் என்பது நூல்களில் உள்ள செய்தி. நூல்களைப் படித்துவிட்டு வந்த நாங்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை. ஐம்பது பட்டம் விதைத்து அறுத்த மூக்கு கண்டுபிடித்தது.

நண்பரிடம் ஒரு கேள்வி கேட்டோம்: மோசமான ஆண்டு என்று ஊருக்கே தெரிந்திருக்க, ஆண்டைக் குறிப்பிடாமல் விற்றிருக்கலாமே? "பெருந்தோட்டக்காரர்கள் அப்படிச் செய்வதில்லை. நல்ல ஆண்டில் பெயரைப் போட்டுக்கொண்டவன் கெட்ட ஆண்டிலும் போட்டுக்கொள்ள வேண்டும்" என்றார். அந்த விடை அன்றைய மாலையின் திருப்பமாக அமைந்தது என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

மூன்றாவது 2011. அங்கே வசந்தம் வறண்டது, கோடை குளிர்ந்தது; பருவங்கள் இடம் மாறிய ஆண்டு. மது மெலிந்திருந்தது, ஆனால் நேர்த்தியாக இருந்தது. ஆண்டைச் சொன்ன மாத்திரத்தில் பெரியவர், "தானே புயல்" என்றார். 2011 டிசம்பர் 30 அதிகாலை புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த அப்புயலில் தன் கொல்லையின் மரங்கள் எந்தத் திசையில் விழுந்தன என்பது வரை அவர் சொன்னார். 2013 என்றபோது அவருக்கு எதுவும் நினைவு வரவில்லை. சாதாரண ஆண்டுகளை மனிதர்கள் மறந்துவிடுகிறார்கள். புட்டி மறப்பதில்லை.

கடைசியாக 2003. ஐரோப்பாவை வெப்ப அலை வாட்டிய ஆண்டு. பிரான்சில் மட்டும் அந்த ஆகஸ்டில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தனர், பெரும்பாலோர் தனித்து வாழ்ந்த முதியவர்கள். திராட்சை வழக்கத்துக்கு வெகு முன்பே பழுத்தது. மதுவின் விளிம்பு செங்கல் நிறம் அடைந்திருந்தது. புகையிலை, வதங்கிய பழம், நாள்பட்ட சந்தனப் பெட்டியைத் திறந்தால் எழும் மணம். துவர்ப்பு கரைந்து மென்மையாகியிருந்தது. பெரியவர் ஒரு மிடறு மட்டும் பருகிவிட்டு, "அந்த வருஷம் நாங்க நாத்து விட்டோம், நடல" என்றார். தமிழகம் முழுவதும் வறட்சி நிலவிய காலம் அது. இரு கண்டங்களின் வெயில் அந்த ஒரு கோப்பையில் சேர்ந்திருந்ததாகத் தோன்றியது.

சமையலறையிலிருந்து வந்த மிளகுக் கறியோடு நான்கும் இசைந்தன. கருவாட்டுக் குழம்போடு பருகியபோது வாயில் இரும்புச் சுவை ஏறியது. அக்கா குழம்பின் பக்கம் நின்றார், நாங்களும் அப்படியே.

இனி, கட்டுரைக்குக் காரணமான நிகழ்வு. எங்களுள் ஒருவர் தம் தந்தையைக் குடிக்குப் பறிகொடுத்தவர். வேறொரு மாவட்டத்தில், அவருடைய பத்தாம் வயதில். அன்று மாலை அவர் பருகவில்லை. ஒவ்வொரு கோப்பையையும் முகர்ந்து குறிப்பெழுதிக்கொண்டு அமைதியாக இருந்தார். 2003ஐ முகர்ந்து வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்கப்பா குடித்ததில் ஆண்டு இல்லை, ஊர் இல்லை, செய்தவன் பெயர் இல்லை. அவர் இறந்தபோது யாரிடம் போய்க் கேட்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை."

அதன்பின் சற்று நேரம் எவரும் பேசவில்லை.

ஒட்டுத்தாளில் உள்ள ஆண்டையும் ஊரையும் நாங்கள் அதுவரை சுவைஞர்களின் ஆடம்பரமாகவே கருதியிருந்தோம். அது ஆடம்பரமன்று, ஒரு பொறுப்பேற்பு. 'இந்த ஆண்டில், இந்த மண்ணில், இன்னார் செய்தோம். குறையிருந்தால் எங்களைக் கேளுங்கள்' என்னும் கையொப்பம். இதுவே எங்கள் கட்டுரையின் கருத்து. நம் கிராமங்களில் ஊற்றப்படும் மதுவுக்கு இல்லாதது உயர்ந்த சுவையன்று, இந்தக் கையொப்பம்தான்.

இக்கருத்துக்கு வரலாறும் துணை நிற்கிறது. பண்டைய ரோட்ஸ் தீவில் செய்த மதுச்சாடிகளின் கைப்பிடிகளில் இரண்டு முத்திரைகள் இருந்தன. ஒன்றில் சாடி செய்தவர் பெயர். மற்றொன்றில் அவ்வாண்டின் கதிரவன் கோயில் பூசகர் பெயர். ஆண்டுக்கு ஒரு பூசகர் என்பதால் அவர் பெயரே ஆண்டின் பெயர். ரோமானியர்கள் கி.மு. 121ஆம் ஆண்டு விளைச்சலை அவ்வாண்டின் ஆட்சியாளர் ஒபிமியஸ் பெயரால் அழைத்தனர். ஏறத்தாழ இருநூறு ஆண்டு கழித்தும் அது எஞ்சியிருந்ததாகவும், கசந்த தேனைப்போல் இறுகிவிட்டதாகவும் பிளினி எழுதியிருக்கிறார்.

அத்தகைய சாடிகள் எங்கள் வாசலுக்கே வந்தவை. பாகூரிலிருந்து வடக்கே சென்றால் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. 1945இல் மார்டிமர் வீலரும், அதன்பின் கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழ்ந்த இடம். அங்கே கிடைத்த சாடித் துண்டுகளில் பெரும்பங்கு கோஸ் தீவின் மதுச்சாடி வகையைச் சேர்ந்தவை. கோஸ் மது கடல்நீர் கலந்து செய்யப்பட்டது, உப்புக் கரித்தது, ரோமில் எளியோரும் பருகியது. புறநானூற்றின் 56ஆம் பாடலில், யவனர் கொண்டுவந்த மதுவை அருந்தி இன்புறுமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். நம் கரையிலே இறங்கியவற்றுள் அரசர்க்கு உரியதும் இருந்திருக்கலாம், உப்பு மதுவும் இருந்தது. 'யவனர் மது' என்றாலே உயர்வு என்று எண்ணும் மயக்கம் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது போலும்.

மயக்கம் எதிர்த்திசையிலும் இருந்தது. சேந்த்-எஸ்தேஃபில் கோஸ் தெஸ்தூர்னெல் என்றொரு தோட்டம் உண்டு. அதை 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பெயர்பெறச் செய்த லூயி கஸ்பார் தெஸ்தூர்னெல் தம் மதுவை இந்தியாவுக்கு அனுப்பி விற்றவர். விற்காமல் கப்பலிலேயே திரும்பி வந்த புட்டிகளைச் சுவைத்தபோது அவை மேலும் பக்குவப்பட்டிருந்தன என்றும், அது முதல் 'இந்தியாவிலிருந்து திரும்பியது' என்ற அடையாளத்தோடு அவற்றை விற்றார் என்றும் சொல்லப்படுகிறது. தம் மதுக்கிடங்கின் மேல் கோபுரங்களும் கட்டினார். கடனில் மூழ்கி 1852இல் தோட்டத்தை விற்று, மறு ஆண்டு மறைந்தார். 1855இல் போர்தோ மதுக்களைத் தரம் பிரித்தபோது அத்தோட்டம் இரண்டாம் தரத்தில் இடம்பெற்றது. நம் வெயில் ஒரு காலத்தில் ஒட்டுத்தாளில் ஏறியிருந்தது. நம் ஊர்ப்பெயர் ஏறவில்லை.

ஊரும் ஆண்டும் ஒட்டுத்தாளில் ஏறியது சுவைஞர்கள் கேட்டதால் மட்டுமன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலோக்சரா என்னும் சிறு பூச்சி பிரான்சின் திராட்சைக் கொடிகளை வேரோடு அழித்தது. தட்டுப்பாட்டில் போலி மது பெருகியது. சர்க்கரையும் நீரும் சேர்த்ததெல்லாம் மது என்று விற்கப்பட்டது. விலை வீழ்ந்து வாடிய தென்பிரான்சின் உழவர்கள் 1907இல் இலட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தனர். நர்போன் நகரில் படையினர் சுட்டதில் உயிர்கள் போயின. அவ்வாண்டே கலப்படத்துக்கு எதிரான சட்டம் வந்தது. பிறந்த இடத்தைச் சட்டப்படி உறுதிசெய்யும் முறை 1935இல் உருவாகி, 1936இல் சேந்த்-எஸ்தேஃப் என்ற பெயர் அதன் கீழ் வந்தது. மண்ணின் பெயர் மண்ணில் உழைத்தவர்கள் போராடிப் பெற்ற உரிமை. நாம் அதன் பளபளப்பை மட்டும் பார்க்கிறோம்.

மறுப்புகள் இருக்கின்றன. ஒட்டுத்தாள் பொய் சொல்லாதா? சொல்லும். பழைய பிரெஞ்சு மதுக்களைப் போலியாகத் தயாரித்து விற்ற ரூடி குர்னியவான் 2013 டிசம்பரில் நியூயார்க்கில் குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்டார். ஆனால் அவர் எப்படிச் சந்தேகத்துக்கு உள்ளானார் என்பதைக் கவனியுங்கள். பர்கண்டியின் பொன்சோ குடும்பம் 1980களில்தான் செய்யத் தொடங்கிய ஒரு மதுவுக்கு 1945 என்று ஆண்டிட்டு 2008இல் ஏலத்துக்கு வந்தது. அக்குடும்பத்தவரே நேரில் சென்று தடுத்தார். ஆண்டு இருந்ததனால் பொய் பிடிபட்டது. ஆண்டில்லாத குவளையில் பொய்யையும் பிடிக்க முடியாது.

மற்றொரு மறுப்பு கடுமையானது. ஒட்டுத்தாள் குடும்பங்களைக் காப்பாற்றிவிடுமா? இல்லை. தமிழ்நாட்டு அரசுக் கடைகளில் விற்கும் ஒவ்வொரு புட்டியிலும் ஒட்டுத்தாள் உண்டு. அதனால் எந்தத் தாலியும் மீளவில்லை. குடிநோய் வேறு, அதற்கு மருத்துவமும் மறுவாழ்வும் வேண்டும். நாங்கள் எவரையும் குடிக்க அழைக்கவில்லை. நான்கு புட்டிகளின் விலை ஓர் உழவுத் தொழிலாளியின் பல வார ஊதியம் என்பதையும் மறக்கவில்லை. ஆனால் 2023 மே மாதத்தில் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கு மேற்பட்டோரும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோரும் மடிந்தது குடிநோயால் அன்று. மெத்தனால் கலந்த நஞ்சால். அதை எந்த நாக்கும் காட்டிக்கொடுக்காது. எங்கள் பெரியவரின் மூக்கும் தோற்றுப்போகும். அங்கே காப்பது சுவையறிவு அன்று. எங்கிருந்து வந்தது, யார் செய்தது என்னும் தடம். அத்தடத்தை ஏழை தன் குவளைக்குக் கேட்கும்போது நாம் அவனை ஒழுக்கத்தைச் சொல்லி வாயடைக்கிறோம். செல்வந்தர் அதையே தம் புட்டியில் படித்துக்காட்டும்போது இரசனை என்கிறோம்.

வில்லியனூரை அடுத்த ஆரியப்பாளையத்தில் அரசின் சாராய வடிசாலை இருக்கிறது. அங்கிருந்து புறப்படுவது எந்நாளில் வடித்தது என்ற குறிப்பு, கடைசிக் கடையின் கடைசிக் குவளைவரை, குடிப்பவரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று கேட்பது மிகையா? கள்ளுக்கு இது இன்னும் பொருந்தும். கள்ளுக்கு ஆண்டு கிடையாது, நாழிகைதான் உண்டு. விடியலில் இனிப்பு, உச்சியில் காரம், அந்தியில் புளிப்பு. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால் பதநீர். எந்தத் தோப்பு, யார் இறக்கியது, எந்நேரம் என்று எழுதிய ஒரு பலகை கள்ளுக்கடையில் தொங்குமானால், கலப்படக் கள் அந்தப் பலகையின் முன் நிற்கக் கூசும். பனையேறிக்கும் அதனால் ஒரு பெயர் கிடைக்கும்.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அங்கே ஆண்டு முழுவதும் அறுவடை நடக்கிறது, ஆகவே அதற்கு ஆண்டு முத்திரை பொருந்தாது. ஊர் முத்திரை பொருந்தியது. நந்திமலை அடிவாரத்திலும் மகாராட்டிரத்திலும் மது செய்பவர்கள், குளிர்கால உறக்கம் இல்லாத கொடியை ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்து ஒருமுறை மட்டும் அறுத்து, தம் புட்டியில் ஆண்டைப் பொறிக்கிறார்கள். அந்தந்த மண்ணுக்கு ஏற்ற கையொப்பம் உண்டு. தேடிக் கண்டுகொள்ள வேண்டும், அவ்வளவே.

எழுத்தை நேசிப்பவர்கள் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறோம். மதுச்சுவை பற்றித் தமிழில் எழுதுவோர் ஆங்கிலச் சொற்களை அப்படியே பெய்துவிடுகிறார்கள். தேவையில்லை. துவர்ப்பை அறுசுவைகளுள் ஒன்றாகவே எண்ணிய மொழி இது. போர்தோ மதுவின் முதுகெலும்பே துவர்ப்புத்தான். கடுக்காய், பாக்கு, வாழைப்பூ, நாவல் என்று அதன் படிகளை நம் நாக்கு குழந்தைப் பருவத்திலிருந்தே அறியும். பழம்புளியையும் பழைய அரிசியையும் தனியே மதித்த சமையலறைகளுக்கு, நாள்பட்டால் சுவை கனியும் என்பதும் தெரியும். அன்று எட்டுப் பேர் எழுதிய குறிப்புகளில் பெரியவரின் 'பச்சைத் தண்டு வாசனை'யை விஞ்சிய சொற்றொடர் எதுவும் இல்லை.

பாகூருக்கு இந்தக் கையொப்பம் புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் இவ்வூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாகத் தரப்பட்டன. எந்த ஆண்டு, எந்த ஊர்கள், யார் வேண்ட யார் கொடுத்தது என்று செப்பேட்டில் வெட்டி வைத்தார்கள். கொடுத்தவன் மறைந்தாலும் கேட்பதற்குத் தடம் இருக்கட்டும் என்ற எண்ணம் அது. கல்விக்குத் தந்த கொடைக்கு இருந்த அந்த நேர்மை, உழைத்துக் களைத்தவன் கையில் தரும் குவளைக்கும் வேண்டும்.

இருட்டிய பின் புறப்பட்டோம். காலிப் புட்டிகள் நான்கையும் அக்கா கழுவிக் கவிழ்த்திருந்தார், விளக்கெண்ணெய் ஊற்றி வைக்க உதவுமாம். ஒட்டுத்தாள்களை மட்டும் நனைத்து உரித்து எடுத்துக்கொண்டார் தந்தையை இழந்த நண்பர். எதற்கு என்று கேட்டோம். "2013ஐ மட்டும் வைத்துக்கொள்கிறேன். கெட்ட ஆண்டிலும் பெயர் போட்டிருக்கிறான்" என்றார்.